மோதல்ல ஆரம்பிச்சு காதல்ல முடியற ஜாலி நாவல் எழுதுறது எப்படி? வட சென்னை கதைக்கு ஒரு கைடு

மொதல்ல சண்டை எதுக்குன்னு முடிவு பண்ணுங்க, ஹீரோ பேரு, ஹீரோயின் கண்ணு, மழை, பைக்கு எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். நெறைய பேர் எழுத ஆரம்பிக்கறப்போ ரெண்டு பேரும் ரோட்ல இடிச்சுக்கறாங்க, ஃபைல் கீழ விழுது, இவ திட்டுறா, அவன் மொறைக்கிறான், அடுத்த நாள் இன்டர்வியூவுக்குப் போனா அவன்தான் எம்டி. இத வச்சே இருபது எபிசோடு ஓட்டப் பாக்குறாங்க, ஓடாது. ஏன்னா இடிச்சதுக்கு ஒரு சாரி சொன்னா மேட்டர் முடிஞ்சுபோச்சு. சாரி சொன்னாலும் தீராத சண்டையா இருக்கணும், அதே சமயம் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போகாத சண்டையாவும் இருக்கணும். ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கணும். படிக்கிறவங்க ஒரு எபிசோடுல "அவ சொல்றது சரிதானே"ன்னும் அடுத்த எபிசோடுல "இவனும் பாவம்தானே"ன்னும் சொல்லணும், அது வந்துட்டா பாதி நாவல் எழுதின மாதிரிதான்.

இந்த மாதிரி சண்டைங்க கொட்டிக் கெடக்கற ஏரியா நம்ம வட சென்னை. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி, எங்க வேணா பாருங்க, ரெண்டு வீட்டுக்கு நடுவுல ஒரே செவுரு, ஒரு பைப்புக்கு பத்து கொடம், ஒரு சந்துல மூணு பைக் நிறுத்தற எடத்துல ஆறு பைக். கோவம் வந்தா மூஞ்சத் திருப்பிக்கிட்டுப் போலாம், ஆனா சாயங்காலம் அதே சந்துல அதே மூஞ்சிக்கு நேரா வந்துதான் ஆகணும். வேற ஊர்ல கதை எழுதுறவங்க ரெண்டு பேரையும் ஒரே எடத்துல நிக்க வைக்க லிஃப்ட் மாட்டிக்கிச்சு, ஹோட்டல்ல ஒரு ரூம்தான் இருக்குன்னு என்னென்னமோ பண்ணணும், இங்க சந்தே அந்த வேலையப் பாத்துக்கும்.

ஒரு விஷயத்த இப்பவே அழுத்தமா சொல்லிடறேன். வட சென்னைன்னு டைட்டில் வச்ச உடனே அருவா, கஞ்சா, ஸ்கெட்ச்சுன்னு போயிடாதீங்க. இங்க பல லட்சம் பேர் காலைல எழுந்து டிபன் கட்டிக்கிட்டு வேலைக்குப் போறாங்க, ஈஎம்ஐ கட்டறாங்க, பசங்கள டியூஷனுக்கு அனுப்பறாங்க, லவ் பண்றாங்க. அவங்களுக்கு ஒரு ஜாலியான காதல் கதை எழுத ஆள் கம்மி, அதனாலதான் இத எழுதறேன். உங்க ஹீரோ முன்னாள் ரவுடியா இருக்கணும்னு எந்த அவசியமும் கெடையாது.

சரி, சும்மா பொதுவா பேசாம ஒரு கதையவே கட்டிப் பாக்கலாம். தண்டையார்பேட்டைல ஒரு பழைய மாடி வீடு, கீழ ரெண்டு கடை. ஒண்ணுல நம்ம ஹீரோ டில்லி, அப்பா காலத்து சவுண்ட் சர்வீஸ், மைக் செட்டு, பாக்ஸ், சீரியல் லைட்டு, ஜெனரேட்டர் எல்லாம் வாடகைக்கு விடறான். பக்கத்து கடைல கேரம் கிளப்பு, அத நடத்தறவ மோனிஷா, பகல்ல வண்ணாரப்பேட்டை எம்சி ரோட்ல ஒரு துணிக்கடைல பில்லிங், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல தெருப்பசங்களுக்கு கோச்சிங். நடுவுல ஒரே ஒரு செவுரு. இவன் ரிப்பேர் பண்ண ஆம்ப்ளிஃபயர டெஸ்ட் பண்ணாம எப்படி அனுப்புவான்? அவ பசங்களுக்கு அமைதி இல்லாம எப்படிக் கத்துக்குடுப்பா? ஸ்ட்ரைக்கரோட வெயிட்டே பதினஞ்சு கிராமுக்கு மேல போகக்கூடாதுன்னு ரூல், அந்த சின்ன வில்லைய விரல் நுனில தட்டற நேரத்துல செவுத்துக்கு அந்தப் பக்கம் "ஹலோ, மைக் டெஸ்டிங்"னு கேட்டா பையன் கை ஆடும்தானே.

இதுல யாரு வில்லன்? யாருமே கெடையாது, இந்த மாதிரி செட்டப்தான் வேணும். ஆடி மாசம் வந்தா இது இன்னும் இறுகும். தெருவுக்கு ஒரு அம்மன் கோயில், கூழ் ஊத்தறது, தீமிதி, ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் மைக் செட்டு புக்கிங்கு, டில்லிக்கு வருஷத்து வருமானத்துல பெரிய பங்கு அந்த ஒரு மாசத்துலதான், அத விட்டா புது பாக்ஸுக்கு வாங்கின கடன் நிக்கும். அதே ஆடிலதான் மோனிஷாகிட்ட கத்துக்கற பையன் ஒருத்தனுக்கு செலக்‌ஷன் மேட்ச்சுன்னு வச்சுக்கங்க. ரெண்டு பேருக்கும் ஒரே மாசம், ஒரே செவுரு.

கேரம எடுத்துக்கிட்டதுக்குக் காரணம் இருக்கு. வட சென்னைல கேரம் நேரம் போக்கற ஆட்டம் மட்டும்னு நெனைச்சா தப்பு. வியாசர்பாடி இளவழகி 2008ல பிரான்ஸ் போயி உலக சாம்பியன் ஆச்சு. 2024 நவம்பர்ல அமெரிக்கால நடந்த உலகக் கோப்பைல செரியன் நகர் காசிமா மூணு தங்கம் அடிச்சுது, அப்பா ஆட்டோ ஓட்டறவரு. அதுக்கெல்லாம் முன்னாடியே நம்ம சென்னைக்காரரு மரியா இருதயம் ரெண்டு தடவ உலக சாம்பியன் ஆகி அர்ஜுனா விருதும் வாங்கிட்டாரு. அதனால மோனிஷா ஒரு பையன வச்சுக்கிட்டு பெருசா கனவு காண்றது படிக்கிறவங்களுக்கு சினிமாத்தனமா தெரியாது, எங்க தெருவுலயே ஒருத்தங்க போயிருக்காங்களேன்னு தோணும். உங்க ஹீரோ ஹீரோயினுக்கு நீங்க குடுக்கற தொழிலும் இப்படி அந்த மண்ணுல வேர் உள்ளதா இருக்கட்டும். ஃபுட்பால், பாக்ஸிங், ஐசிஎஃப் ரயில் பெட்டி ஃபேக்டரி வேலை, மீன் ஏலம், பழைய இரும்பு, அச்சகம், எவ்ளோ இருக்கு. கம்பெனி எம்டிய விட்டுடுங்க.

இப்போ சண்டை சீன் எழுதறது. இந்த வகை நாவல்ல காமெடி வர்றது சண்டைலதான், அதனால இத மட்டும் கொஞ்சம் விரிவா பாப்போம். மோனிஷா ஒரு நாள் பொறுக்க முடியாம ஒரு நோட்டீஸ் பிரின்ட் எடுத்து டில்லி கடை ஷட்டர்ல ஒட்டறா. ஒலி மாசு விதிகள் 2000, ராத்திரி பத்துல இருந்து காலைல ஆறு வரைக்கும் ஒலிபெருக்கி கூடாது, குடியிருப்புப் பகுதில பகல்ல 55 டெசிபல்தான், எல்லாம் உண்மையான சட்டம். டில்லி வந்து படிக்கிறான். கிழிச்சுப் போட்டா அவன் சாதா ஹீரோ. அவன் என்ன பண்றான், உள்ள போயி மைக்க ஆன் பண்றான்.

"பொதுமக்களுக்கு ஓர் முக்கிய அறிவிப்பு. நம்ம கேரம் கிளப்பு மேடம் ஒரு நோட்டீஸ் ஒட்டிகீறாங்க. ராத்திரி பத்து மணிலேர்ந்து காலீல ஆறு மணி வரிக்கும் மைக் போடக்கூடாதாம். இப்போ டைம் சாய்ந்தரம் ஆறரை. நன்றி, வணக்கம்."

மோனிஷா வெளிய வர்றா. "யோவ், அதுக்குக் கீழ அம்பத்தஞ்சு டெசிபல்னு போட்டுருக்கே, அத யாரு படிப்பா, உங்க தாத்தாவா?"

"படிக்கலாம். ஆனா அளக்கறதுக்கு உன்கைல இன்னா கீது?"

"போன்ல ஆப்பு இருக்கு."

"போன்ல அளக்கறது கணக்குல வராது. இரு." உள்ள போயி அவனோட சவுண்ட் மீட்டர எடுத்துட்டு வந்து அவ கைல குடுக்கறான். "இத வச்சு அள. ஏறக்கொறைய சொல்லாத, நம்பர பாத்து சொல்லு."

அவ அளக்கறா. எண்பதத் தாண்டுது. அவ நம்பர சொல்லல, மீட்டர அவன் பக்கம் திருப்பிக் காட்டறா. அவன் பாக்குறான், ஒண்ணும் பேசாம உள்ள போயி வால்யூம கொறைக்கிறான். அவளுக்கு ஜெயிச்ச சந்தோஷம் வரணும், வரல, ஏன்னா எதிரியே அளவுகோலக் கைல குடுத்துட்டுப் போறான்.

இந்த சீன்ல என்ன நடந்துச்சுன்னு பாருங்க. கலாய்ச்சது எல்லாம் நோட்டீஸ, நேரத்த, மிஷின. அவ நெறத்தையோ ஒடம்பையோ சம்பளத்தையோ வயசாகியும் கல்யாணம் ஆகலங்கறதையோ அவன் தொடவே இல்ல. அவளும் அப்படித்தான். ஜாலியான கதைல இந்தக் கோட்ட ரெண்டு பேரும் தாண்டக்கூடாது, ஒரு தடவ தாண்டிட்டா அப்புறம் முப்பதாவது எபிசோடுல எவ்ளோ பூ குடுத்தாலும் படிக்கிற பொண்ணு மனசுல அந்த ஒரு வார்த்தை முள்ளா நிக்கும். இன்னொண்ணு, சண்டை நடக்கற அதே சீன்ல ஒருத்தரோட நல்ல குணம் ஒண்ணு, அவங்களுக்கே தெரியாம வெளிய வந்துடணும். இங்க டில்லியோட நேர்மை வந்துடுச்சு. அத மோனிஷா பாத்துட்டா, ஆனா ஒத்துக்க மாட்டா, ஒத்துக்காம இருக்கற அந்த நேரம்தான் உங்க நாவலோட நீளம்.

ஆன்டி ஹீரோ பத்தி கேக்கறவங்களுக்கு. தொடர்கதைங்கள்ல இது ரொம்ப ஓடுது, தெரியும். ஹீரோ கைய முறுக்குவான், அறைவான், பழிவாங்க தாலி கட்டுவான், ரூம்ல பூட்டி வைப்பான், கடைசில அவனுக்கும் சின்ன வயசுல ஒரு சோகம்னு சொல்லி மன்னிச்சு விட்டுடுவாங்க. நான் அத எழுத சொல்லித்தர மாட்டேன். நீங்க எழுதப்போறது சிரிக்க வைக்கற கதை, அதுல ஒருத்தி பயந்துக்கிட்டே இருந்தா படிக்கிறவங்களால சிரிக்க முடியாது. மோனிஷாவுக்கு டில்லி மேல கோவம் வரலாம், எரிச்சல் வரலாம், ஒரு நாளும் பயம் வரக்கூடாது. ராத்திரி ஒம்போது மணிக்கு கிளப்பு ஷட்டர தனியா இழுத்து மூடறப்போ பக்கத்து கடைல லைட்டு எரிஞ்சா அவளுக்கு தைரியமா இருக்கணும், அது அவ பரம எதிரியோட கடையா இருந்தாலும். எழுதறப்போ ஒவ்வொரு சீனுக்கும் இந்த டெஸ்ட வச்சுப் பாருங்க.

வெறுப்பு எப்போ மாறுது? நெறைய பேர் தடுக்கி விழறது இங்கதான். அவ கால் வழுக்கி விழறா, அவன் இடுப்பப் புடிக்கிறான், ரெண்டு செகண்டு கண்ணப் பாக்குறாங்க, பேக்ரவுண்டு மியூசிக்கு, அடுத்த எபிசோடுல லவ்வு. அதுக்கு முன்னாடி நீங்க கட்டின சண்டை மொத்தமும் வேஸ்ட்டு.

நான் நம்பறது என்னன்னா, எதிரிய கவனிக்கற அளவுக்கு நாம சொந்தக்காரங்களக் கூட கவனிக்கறதில்ல. டில்லிக்கு காதுதான் தொழில், செவுத்துக்கு இந்தப் பக்கம் சால்டரிங் பண்ணிக்கிட்டே அந்தப் பக்கம் விழற ஒவ்வொரு அடியையும் கேக்கறான். பசங்க அடிச்சா காயின் கட்டைல மோதற சத்தம் நெறைய வரும், மோனிஷா அடிச்சா ஒரே டக்கு, அப்புறம் பாக்கெட் வலைல காயின் விழற மெத்துனு ஒரு சத்தம். அவ கோவமா இருக்கற நாள்ல அந்த டக்கு கொஞ்சம் கெட்டியா வரும். மாசக் கடைசில வேலைல எதோ பிரச்சனைன்னு அவ யார்கிட்டயும் சொல்லல, இவனுக்கு சத்தத்துலயே தெரியுது, அன்னிக்கு டெஸ்டிங்க நாளைக்குப் பண்ணிக்கலாம்னு ஆம்ப்ளிஃபயர ஓரமா வைக்கிறான். அவளும் அப்படித்தான், அவன் தொண்டை கட்டிப்போன நாள்ல "ஹலோ மைக் டெஸ்டிங்" ஒரு மாதிரி வருதுன்னு மொதல்ல கண்டுபுடிக்கறது அவதான், ஒரு பையன்கிட்ட "பக்கத்து கடைக்காரருக்கு யாராவது சுக்கு காப்பி வாங்கிக் குடுங்கடா, அந்தக் கொரல கேட்டு என்னால ஆட முடியல"ன்னு சண்டை மாதிரியே சொல்லி அனுப்பறா. இந்த மாதிரி ஒரு அஞ்சாறு எடம் வரிசையா வந்தா போதும், லவ்வு எப்போ வந்துச்சுன்னு யாராலயும் கை வச்சு சொல்ல முடியாது, அவங்களாலயும்.

அதனால நோட்டு எடுத்து நடுவுல கோடு போட்டு ரெண்டு பக்கமா பிரிங்க. அவனப் பத்தி அவளுக்கு மட்டும் தெரிஞ்சது, அவளப் பத்தி அவனுக்கு மட்டும் தெரிஞ்சது. எல்லாமே அவங்கவங்க தொழில்ல இருந்து, அந்த செவுத்துல இருந்து வரணும். "அவளுக்குப் புடிச்ச கலர் நீலம்" மாதிரி ஐட்டம் இருந்தா அடிச்சுடுங்க.

காலண்டர் உங்களுக்குப் பெரிய ஒதவி, அத விட்டுடாதீங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள், காசிமேடு பக்கம் வீட்டுல வருமானம் இறுக்கமா இருக்கும், பசங்க கிளப்பு ஃபீஸ் குடுக்க மாட்டாங்க, மோனிஷா கேக்கவும் மாட்டா. அப்புறம் ஆடி. அப்புறம் விநாயகர் சதுர்த்தி ஊர்வலம். தீபாவளிக்கு முன்னாடி எம்சி ரோட்ல கால் வைக்க எடம் இருக்காது, மோனிஷா காலைல இருந்து ராத்திரி வரைக்கும் நின்னுக்கிட்டே பில்லு போட்டுட்டு வருவா. அப்புறம் மழை.

மழைய நாவலோட நடுவுல வைங்க. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை, தாழ்வான தெருவுல முட்டி அளவு தண்ணி வர்றது இங்க யாருக்கும் புதுசு கெடையாது. கேரம் போர்டு பிளைவுட்டு, நனைஞ்சா ஊதிப்போயி வளைஞ்சுடும், அப்புறம் அது கட்டிலுக்கு அடில வைக்கத்தான் ஆகும். ஆம்ப்ளிஃபயருக்குள்ள தண்ணி போனா என்ன ஆகும்னு சொல்லவே வேணாம். ரெண்டு கடைலயும் தண்ணி ஏறுது, மாடில டில்லி வீட்டு ஹால்தான் காஞ்ச எடம். யாரு பொருள மொதல்ல ஏத்தறது? இங்க டில்லி தன் பாக்ஸ விட்டுட்டு போர்ட தூக்கினா அது தியாகம், கொஞ்சம் ஓவரு. ரெண்டு பேரும் கத்திக்கிட்டே மாத்தி மாத்தி தூக்கட்டும், ஒரு போர்டு, ஒரு பாக்ஸ், ஒரு போர்டு, ஒரு பாக்ஸ், படிக்கட்டுல நின்னுக்கிட்டு "இது ரெண்டாவது பாக்ஸு, ஏமாத்தற"ன்னு அவ கணக்கு சொல்லட்டும். ராத்திரி கரண்ட் இல்ல, ஹால்ல பன்னண்டு பசங்க, மோனிஷாவோட ஆயா, டில்லியோட அப்பா, எமர்ஜென்சி லைட்டு ஒண்ணு. ரெண்டு பேரையும் தனியா மாட்ட வைக்காதீங்க, கூட்டத்துக்கு நடுவுல ஒருத்தர ஒருத்தர் பாக்கறதுலதான் கிளுகிளுப்பு. சப் வூஃபர் பாக்ஸ் மேல போர்ட வச்சு டில்லிய ஆட சொல்றாங்க, அவன் வாழ்க்கைல ஸ்ட்ரைக்கரத் தொட்டதே இல்ல, மொதல் அடிலயே ஸ்ட்ரைக்கர் நேரா பாக்கெட்டுக்குள்ள, பசங்க மொத்தமா "மைனஸ்ஸூ"ன்னு கத்தறாங்க. எல்லாரும் சிரிக்கிறாங்க, மோனிஷா மட்டும் சிரிக்காம அவன் விரல எப்படி வைக்கணும்னு சொல்லித்தரா, கோச்சு குணம், கை தன்னால வந்துடுது.

ஆயாவப் பத்தி ஒரு வார்த்தை. சைடு கேரக்டர்ல காமெடிக்காக குடிகாரன் ஒருத்தன், குண்டுப் பையன் ஒருத்தன்னு போட்டுடாதீங்க, பழைய சரக்கு. ஆயா வாசல்ல ஆப்பம் சுட்டு விக்கற ஆளு, தெரு மொத்தமும் அங்கதான் காலைல நாஸ்தா, எந்த வீட்டுல என்ன நடக்குதுன்னு அதுக்குத் தெரியாதது கெடையாது. பேத்தி டில்லிய திட்டறப்போ ஆயா சொல்லும், "அவன திட்டறதுக்காக நீ தெனம் அர மணி நேரம் சீக்கிரம் வர்ற, தெரியுதா உனுக்கு?" ஒரே வரி. அதுக்கு மேல ஆயாவ பேச விடாதீங்க, புத்திமதி ஆரம்பிச்சுடும்.

எடம் எல்லாம் சும்மா பேரு சொல்றதுக்காக வேணாம், ஒவ்வொரு எடத்துலயும் எதாவது ஒண்ணு மாறணும். பீச் ஸ்டேஷன் எதிர்ல, செகண்ட் லைன் பீச் ரோட்ல அத்தோ கடைங்க, 1960கள்ல பர்மால இருந்து திரும்பி வந்த நம்ம ஜனங்க கொண்டு வந்த சாப்பாடு. நூடுல்ஸ், கோசு, வெங்காயம், புளித்தண்ணி, பொரிச்ச பூண்டு எல்லாத்தையும் கையாலயே கலந்து குடுப்பாங்க, கூட வாழத்தண்டு சூப்பு. நின்னுக்கிட்டே, தோள் இடிக்க, காரத்துல மூக்கு ஒழுக சாப்பிடற எடம், அங்க யாராலயும் கெத்து காட்ட முடியாது. மொதல் தடவ சண்டை இல்லாம பேசறதுக்கு அத விட நல்ல எடம் காபி ஷாப்புல கெடைக்காது. ராயபுரம் ஸ்டேஷன் வேணும்னா வைங்க, 1856ல தென்னிந்தியாவோட மொதல் ரயில் அங்க இருந்துதான் கெளம்புச்சு, டில்லி அப்பா மாதிரி ஒருத்தர் அதப் பெருமையா அளந்து விடறதுக்கு நல்லா இருக்கும், காதல் சீனுக்கு எனக்கு அது சரிப்படல.

எனக்கு ரொம்பப் புடிச்சது திருவொற்றியூர். இங்க ஒரு பழைய காதல் கதையே இருக்கு. சுந்தரர் சங்கிலியார கல்யாணம் பண்ணிக்க ஆசைப்படறாரு, உன்ன விட்டுப் போகமாட்டேன்னு சாமி முன்னாடி சத்தியம் பண்ணணும். சுந்தரர் நைசா சிவன்கிட்ட போயி, நான் சத்தியம் பண்றப்போ நீங்க சன்னதில இருக்க வேணாம், மகிழ மரத்துல போயி இருந்துக்கங்கன்னு கேக்கறாரு. சிவன் சரின்னு சொல்லிட்டு, சங்கிலியார் கனவுல போயி, அவன மகிழ மரத்தடில சத்தியம் பண்ண சொல்லுன்னு சொல்லிடறாரு. இத விட ஒரு ரொமான்டிக் காமெடி யாரு எழுத முடியும்? இன்னிக்கும் மாசி பிரம்மோற்சவத்துல மகிழடி சேவைன்னு அது நடக்குது. தண்டையார்பேட்டைல மெட்ரோ ஏறினா நாலாவது ஸ்டேஷன் திருவொற்றியூர் தேரடி, 2021ல வந்த லைன், அந்த நாலு ஸ்டேஷனுக்குள்ள ஒரு டயலாக் சீன முடிச்சுடலாம். கோயிலுக்குள்ள டில்லி, "இனிமே உன்கிட்ட எதையும் மறைக்க மாட்டேன், சாமி சத்தியமா"ங்கறான். மோனிஷா, "இங்க வேணாம், மரத்தாண்ட வா." கதை தெரிஞ்சவன் சிரிப்பான், தெரியாதவனுக்கு ஆயா சொல்லட்டும்.

அவன் எத மறைச்சான்? அதுதான் கடைசிப் பிரிவு, அதுக்கு வருவோம். நாவல்ல முக்கால்வாசி முடியறப்போ ரெண்டு பேரும் பிரியணும், அப்போ தயவுசெஞ்சு அத்தை பொண்ணு, பழைய லவ்வர், தப்பா பாத்த போட்டோ இதெல்லாம் வேணாம். ஒரு போன் போட்டா தீந்துடற சந்தேகத்துக்காக பத்து எபிசோடு அழ வச்சா படிக்கிறவங்களுக்குக் கோவம் வரும், வரணும். உண்மையான காரணம் ஒண்ணு வைங்க. வீட்டு ஓனர் ரெண்டு கடையையும் சேத்து ஒருத்தருக்கே குடுக்கலாம்னு இருக்காரு, டில்லியோட அப்பா யாருக்கும் சொல்லாம அட்வான்ஸ் குடுத்துட்டாரு. டில்லிக்கு தெரியவருது. அப்பாவையும் விட்டுக்குடுக்க முடியல, அவகிட்டயும் சொல்ல முடியல, நாலு நாள் வாய மூடிக்கிட்டு இருக்கான். அஞ்சாவது நாள் அவளுக்கு ஓனர் மூலமா தெரியுது. இப்போ இவன் மேல தப்பு இருக்கு, பெரிய அயோக்கியத்தனம் கெடையாது, கோழைத்தனம். மன்னிக்கவும் முடியும், சும்மா விடவும் முடியாது.

இத சரி பண்றதுக்கு அவன் பேசக்கூடாது, செய்யணும். கேரம்ல ரெட் காயின் போட்டா மட்டும் பத்தாது, அடுத்து நம்ம காயின் ஒண்ணு ஃபாலோ போடணும், இல்லேன்னா ரெட் திரும்ப போர்டுக்கே வந்துடும். காதல சொல்றதும் அதே கணக்குதான். டில்லி அப்பாகிட்ட மொதல் தடவையா எதுத்துப் பேசறது, அட்வான்ஸ திருப்பி வாங்கறது, நடுச்செவுத்துக்கு தேங்கா நார்ப் பலகை வச்சு அவனே சவுண்ட் புரூஃப் பண்றது, இப்படி ஒரு வேலை. நோட் பண்ணுங்க, அந்த செவுர நாவலோட மொத எபிசோடுலயே பண்ணியிருக்கலாமேன்னு படிக்கிறவங்க கேப்பாங்க, அதுக்கு உங்ககிட்ட பதில் இருக்கணும். வாடகை வீடு, செவுத்துல ஆணி அடிக்கவே ஓனர் விட மாட்டாரு, செலவு யாரு செய்யறதுன்னு ரெண்டு பேருக்கும் வீம்பு. இந்த மாதிரி ஓட்டைய மொதல் எபிசோடுலயே ஒரு வரில அடைச்சுடுங்க.

மைக் செட்டு ஹீரோன்னு வச்சுட்டோம், அதனால அவன் ஒரு நாள் தெரு மொத்தமும் கேக்கற மாதிரி மைக்ல ஐ லவ் யூ சொல்லுவான்னு எல்லாரும் காத்துக்கிட்டு இருப்பாங்க. அத செய்யாதீங்க. நாலு பேர் முன்னாடி கேட்டா ஒரு பொண்ணால வேணாம்னு சொல்ல முடியாம போயிடும், அது அவள மாட்டி விடற வேலை. டில்லி ஷட்டர் பாதி எறக்கின கடைல, எல்லா சுவிட்சையும் ஆஃப் பண்ணிட்டு, சாதாரண கொரல்ல சொல்லட்டும். அவ யோசிக்க நேரம் எடுத்துக்கட்டும், ஒரு வாரம் கூட எடுத்துக்கட்டும். அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் அவன் இல்லாத நேரத்துல அவ கடைக்குள்ள போயி மைக்க ஆன் பண்ணி, "பொதுமக்களுக்கு ஓர் முக்கிய அறிவிப்பு"ன்னு ஆரம்பிச்சா, அது வேற. பேசற உரிமை அவ கைல இருக்கு, அவன் தெருமுனைல டீ கிளாஸோட நின்னு கேக்கறான், பசங்க விசில் அடிக்கிறாங்க.

பாஷை. கதை சொல்ற நடை சாதாரண பேச்சுத் தமிழ்ல இருக்கட்டும், மெட்ராஸ் பாஷை ஆளுங்க வாய்ல அளவா இருக்கட்டும். ஆயாவுக்கு நெறைய, டில்லிக்கு கோவம் வர்றப்போ ஜாஸ்தி, மோனிஷாவுக்கு கடைல கஸ்டமர்கிட்ட ஒரு பேச்சு, சந்துக்குள்ள நொழைஞ்ச உடனே வேற பேச்சு. "இன்னா, கீது, வூடு, துட்டு, அப்பால" இதெல்லாம் இன்னிக்கும் புழக்கத்துல இருக்கு. கஸ்மாலம், பேமானி எல்லாம் பழைய காமெடி படத்தோட போச்சு, இருபத்தாறு வயசுப் பொண்ணு வாய்ல அத வச்சா நம்ம ஏரியாக்காரங்களுக்கு உடனே தெரிஞ்சுடும், இவங்க இங்க வந்ததே இல்லன்னு. இன்னொரு சின்ன விஷயம், ரெண்டு பேரும் மொதல் நாள்ல இருந்து "யோவ்", "இந்தாம்மா", "நீ"ன்னுதான் பேசிக்குவாங்க. பிரிஞ்சு இருக்கறப்போ மோனிஷா ஒரே ஒரு தடவ "சொல்லுங்க, என்ன வேணும்"னு கேக்கட்டும், அவன் எவ்ளோ பெரிய சண்டைலயும் ஆடாதவன், அந்த மரியாதைல ஆடிப்போவான்.

தொடரா போடறீங்கன்னா ஒவ்வொரு எபிசோடு கடைசிலயும் ஆக்ஸிடென்ட், மயக்கம், கதவு தட்டற சத்தம்னு தொங்க விடாதீங்க, ஜாலி கதைக்கு அது பாரம். அடுத்த சண்டைல யாரு ஜெயிப்பாங்கங்கற ஆர்வமே போதும், சவுண்ட் மீட்டர அவ திருப்பிக் காட்டற எடத்துல நிறுத்தினா மறுநாள் படிக்க வருவாங்க. மொத்தத்தையும் இல்லாட்டியும் பாதியாவது எழுதி வச்சுட்டு போட ஆரம்பிங்க, ஏன்னா கமென்ட்ல "சீக்கிரம் சேத்து வைங்க"ன்னு கெஞ்சுவாங்க, அந்த ஆசைல நீங்க எட்டாவது எபிசோடுலயே சேத்து வச்சுட்டா அப்புறம் எழுத ஒண்ணும் இருக்காது.

கடைசி அத்தியாயத்துல கல்யாணம் வைக்கறீங்களோ இல்லையோ சண்டைய நிறுத்திடாதீங்க. சண்டை போட்டு லவ் பண்ண ரெண்டு பேர் திடீர்னு குசுகுசுன்னு கொஞ்சிக்கிட்டு இருந்தா வேற யாரோ மாதிரி தெரியும். அடுத்த ஆடிக்கு மைக் செட்டு புக்கிங் நோட்டையும் கேரம் மேட்ச் தேதியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு தேதிக்கு தேதி பேரம் பேசட்டும். எழுதி முடிச்சுட்டு டயலாக் எல்லாத்தையும் தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கத்து ஆளு ஒருத்தர உக்கார வச்சு சத்தமா படிச்சுக் காட்டுங்க. அவங்க எங்க சிரிக்கிறாங்களோ அங்க பென்சில்ல ஒரு டிக்கு, எங்க "நாங்க இப்படி பேச மாட்டோமே"ங்கறாங்களோ அங்க ஒரு சுழி. சுழி போட்ட எடத்த எல்லாம் அவங்க சொன்ன மாதிரியே மாத்திட்டு மொத எபிசோட போடுங்க.